சிப்பி வக்கீல்

மேடையில் அமர்ந்திருக்கும் பண்ணை முதலாளி ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அத்தை, மாமா அவர்களே, தரம் பிரிக்கும் கூடத்து அக்காக்களே, படகுத்துறை அண்ணன்களே, வேலையை நிறுத்திவிட்டு என் மனைவிக்காக வந்திருக்கும் அத்தனை பேருக்கும் வணக்கம்.

என்ன அண்ணே? கேட்கவில்லையா? சரி, மைக்கைக் கிட்டே வைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பண்ணையில் என் வேலை பேசாத வேலை. சிப்பியை ஒரு விரல் அகலம் திறந்து, உள்ளே சின்னதாகக் கீறி, ஒரு மணியை வைப்பேன். அதைச் சுற்றித்தான் முத்து வளரும். மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டிய வேலை. பேச்செல்லாம் அவளுடையது. பார்வையாளர்களைப் படகில் அழைத்துப்போய், கடலில் தொங்கும் சிப்பிக் கூண்டைத் தூக்கிக் காட்டி, சிப்பியைத் திறந்து காட்டி, கேட்ட கேள்விக்கும் கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னவள் அவள். எங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான்!

அவள் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. முப்பத்தொரு வயது. மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் டாக்டர். படம் போட்டு விளக்கினார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அவளை நீங்கள் எல்லோரும் சிப்பி வக்கீல் என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று புதியவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

நான் வைக்கிற மணியை எல்லாச் சிப்பியும் ஏற்காது. சில நாளிலேயே வெளியே தள்ளிவிடும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அப்படித் தள்ளியவற்றின் எண்ணிக்கையைப் பலகையில் 'கழிவு' என்று எழுதுவோம். அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாவது நாள் நான் கூடத்துக்குள் வருகிறேன், அந்தச் சொல் இல்லை. அந்த இடத்தில் 'மறுத்தது' என்று இருக்கிறது.

"யாரு இத அழிச்சது?"

"நான்தாங்க."

"அது கழிவுதானே? மணிய வெளிய தள்ளிடுச்சு."

"உங்க வாயில ஒருத்தர் வந்து கோலிக்குண்டத் திணிச்சா நீங்க துப்ப மாட்டீங்களா? அப்ப நீங்க கழிவா?"

கூடமே சிரித்தது. தராசுக்குப் பக்கத்தில் இருந்த அக்கா, "சிப்பிக்கு வக்கீல் வந்தாச்சுடி!" என்றார். அதோ, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாரே, அவர்தான்.

அதோடு விட்டாளா? பார்வையாளர்களுக்குக் கொடுக்கும் பெட்டியில் எக்ஸ்ரே பார்த்து முத்து உறுதியான சிப்பிகளைத்தான் அப்போது வைப்போம். வைத்துவிட்டு, "உங்க அதிர்ஷ்டம் எப்படின்னு பாப்போம்" என்போம். இது தெரிந்ததும் நேராக முதலாளி ஐயாவிடம் போனாள். "விடை தெரிஞ்சுகிட்டே விடுகதை போடுறது நல்லாவா இருக்கு?" என்று கேட்டாள். ஐயா மூன்று நாள் யோசித்தார். பிறகு, எக்ஸ்ரே பார்க்காத கூண்டு ஒன்றை அவளுக்கென்று ஒதுக்கினார்.

பத்துப் பேர் திறந்தால் மூன்று நாலு பேருக்கு ஒன்றும் இருக்காது. ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இவள் அசரவில்லை. "முத்து யாருக்கு வேணும்னாலும் கிடைக்கும் சார். முடியாதுன்னு சொன்ன சிப்பிய எத்தன பேரு பாத்திருப்பாங்க?" அந்த மனிதர் வெறும் ஓட்டைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்!

எனக்குத்தான் ஆத்திரம். கல்யாணமான பிறகும் ஆறவில்லை. மறுத்த ஒவ்வொரு சிப்பியும் என் கை செய்த தவறு அல்லவா? அதை ஊருக்கே திறந்து காட்டுகிறாளே!

"என் மானத்த வாங்குற நீ."

"உன் மானம் அவ்ளோ சின்னதா? ஆறு மில்லிமீட்டர் மணிக்குள்ள அடங்கிடுமா?"

அன்று முதல், முத்து இல்லாத சிப்பிகளை எல்லாம் சாயங்காலம் ஒரு தட்டில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். அதுவரை நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. எண்ணி, எழுதி, யாரோ கொட்டிவிடுவார்கள். பார்க்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலானவற்றில் தழும்பு ஒரே இடத்தில் இருந்தது. நான் கீறும் இடம் தவறு. மாற்றினேன். நூற்றுக்கு முப்பத்தெட்டு மறுத்தது, இருபத்தொன்று ஆனது. எட்டு வருடம் படித்தும் பயிற்சி எடுத்தும் பிடிபடாததைப் படகில் ஆள் ஏற்றிக்கொண்டுபோன ஒருத்தி எனக்குக் காட்டினாள்! அவளிடம் நன்றி சொன்னேனா? இல்லை. அதற்காகப் பண்ணை எனக்கு நடத்திய பாராட்டு விழாவில் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

போன வாரம் முதலாளி ஐயா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அவ இல்லாம இந்தப் படகுச் சுற்றுலாவ யாரு நடத்துறது? இந்த மாசத்தோட நிறுத்திடலாமா?" நான் பேசாமல் நின்றேன். பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று ஐயா எடுத்துக்கொண்டதில் தப்பில்லை.

ஆனால் முந்தாநாள், ஏற்கெனவே பதிவு செய்திருந்த வயதான தம்பதி வந்து நின்றார்கள். விஷயம் தெரியாது. திருப்பி அனுப்பத்தான் படகுத்துறைக்குப் போனேன். "அந்தப் பொண்ணு வரலியா?" என்று அந்த அம்மா கேட்டார். படகுக்கார அண்ணன் ஒன்றும் கேட்காமல் இன்ஜினைக் கிளப்பினார். நானும் ஏறிவிட்டேன்.

போகும் வழியெல்லாம் தண்ணீரின் உப்பளவு, வெப்பநிலை, ஓட்டின் வளர்ச்சி வேகம் எல்லாம் சொன்னேன். இருபது நிமிடம்! பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "தம்பி, இதெல்லாம் பரீட்சைக்கு வருமா?"

சிரித்துவிட்டேன். அத்தை, மன்னியுங்கள். இருபது நாள் கழித்து, அவள் தினமும் ஆள் ஏற்றிப்போன படகிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அழுகையும் அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த இருவரும் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஐயா, இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். நிறுத்த வேண்டாம். காலையில் மணி வைக்கிறேன், மதியம் படகில் போகிறேன். அவளைப் போலப் பேச என்னால் முடியுமா? முடியாது. ஆனால் கேட்டால் உண்மையைச் சொல்வேன். என் கை எங்கே தவறியது என்று காட்டுவேன்.

ஐயா தலையசைக்கிறார்கள். நன்றி ஐயா.

அப்படியானால் சனிக்கிழமை இரண்டு மணிக்குப் படகு உண்டு. பதினான்கு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கூண்டை யாரும் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். எந்தச் சிப்பி என்று வருகிறவர்கள் சொல்லட்டும், கத்தியை நான் பிடிக்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களோடு சேர்ந்து நானும் பார்க்கிறேன்.