கடைசி வீட்டு ரிங்

— கிட்ட வந்து உக்காரும்மா. ஒரு கதை சொல்றேன்.

— கதை கேக்கற நேரமா பெரியப்பா இது? மேலத்தெரு மொத்தமும் காலிக்குடத்தோட நிக்குது. வால்வு சாவி என் இடுப்புல இருக்கு. தண்ணி இந்தக் கடைசி வீட்டுக்கு வந்துருச்சுன்னு நீங்க போன்ல ஒரு ரிங் விட்டாத்தானே அந்தப் பக்கம் திருப்பலாம்னு தண்ணிக் கமிட்டியில ஏற்பாடு?

— இன்னும் வரலையேம்மா.

— அப்ப இந்தக் குடம் எப்படி ரொம்புச்சு?

— அது நேத்துத் தண்ணி.

— நேத்துத் தண்ணியா இப்ப வழிஞ்சு என் காலை நனைக்குது? மொதல்ல குழாயை மூடுங்க.

— வயசாச்சு. கண்ணு சரியாத் தெரியல.

— ஊசியில நூல் கோக்கற தையல்காரருக்குக் குடம் தெரியலையாக்கும். போனுக்கு என்னவாம்?

— சார்ஜ் இல்ல.

— சார்ஜ் இல்லாமத்தான் மெஷின் மேல பாடிக்கிட்டிருக்கா?

— சரிம்மா, வேணும்னுதான் விடல. முன்னாடி நீ குழாய் போற வழியே தண்ணியைப் பாத்துக்கிட்டு நடந்து வருவே. வாசப்படியில நின்னு, தண்ணி வந்துச்சா, சாப்டாச்சான்னு ரெண்டு வார்த்தை கேப்பே. ரிங் வந்தப்புறம் அதுவும் போச்சு. பக்கத்து வீடுங்க பூட்டிக் கெடக்கு. தையல் மெஷின்கிட்ட எவ்வளவுதான் பேசறது? எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்லுது.

— ரெண்டு தெருவைக் கூடுதலா என் தலையில கட்டிட்டாங்க பெரியப்பா. கால் எட்டல. அதுக்காக ஊரே சேந்து வெட்டின கெணத்துத் தண்ணிய இப்படி வழிய விடலாமா? சாவிய வேற ஆள்கிட்ட குடுங்கன்னு மேலத்தெருக்காரங்க கமிட்டியில ஆரம்பிச்சுட்டாங்க.

— உன் வேலைக்கு உலை வைக்கவா நெனைச்சேன்? இனிமே ஒழுங்கா விட்டுடறேன். நீ கெளம்பு.

— இருங்க, மூச்சு வாங்குது.

— ரிங் வரலேன்னா மெதுவா வந்து பாக்கறது. ஏன் இப்படி ஓடி வந்தே?

— தண்ணி எங்க வந்திருக்குன்னு டேங்க் மட்டத்தைப் பாத்தே சொல்லிடுவேன் பெரியப்பா. வேற எந்தத் தெருவுலயும் கடைசி வீடு ரிங் விடறதில்ல.

— அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?

— போன மழையில காய்ச்சலோட தரையில கெடந்தீங்களே, எப்ப விழுந்தீங்கன்னு ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. அதுக்கப்புறம் கமிட்டியில சண்டை போட்டு நான் வாங்கினது அந்த ரிங். தண்ணிக்காக இல்ல.

— போம்மா, மேலத்தெருவுக்குத் தெறந்து விடு. நாளையிலேர்ந்து ரிங் வரும். என்னைக்காவது வரலேன்னா, அன்னைக்கும் இப்படியே ஓடி வா. உன் வீட்டுக் குடம் ஒரு நாளும் அடி தெரியாம இருக்கட்டும்.