உருளும் நாற்காலி

டீக்கு நன்றி, ஐயா. உங்கள் ஸ்டேஷன் தரை ஆடாமல் நிற்கிறதா, எனக்குத்தான் தலை கிறுகிறுக்கிறது.

எங்கள் வீடு தண்ணீரில் மிதப்பது. காலி பீப்பாய்களைப் பிணைத்து, மேலே பலகை அடித்து, நானே கட்டியது. அதற்கு ஒரே சட்டம்தான். ஒருவர் முன்பக்கம் வந்தால் இன்னொருவர் பின்பக்கம் போக வேண்டும். இல்லாவிட்டால் சோற்றுப்பானை தானாக நடக்கும்.

மனைவியின் அண்ணன் தலைகாட்டிவிட்டுப் போக வந்தவர், வேர் விட்டுவிட்டார். நல்ல மனிதர். ஆள்தான் நெல் மூட்டை. கூடவே ஒரு பழைய ஆபீஸ் நாற்காலி, அடியில் சக்கரம் வைத்தது. படகு போனால் அலை வரும். அலை வந்தால் நாற்காலி கூடத்திலிருந்து அடுப்படிக்கு ஓடும். மச்சான் காலைத் தூக்கிக்கொள்வார்.

"தங்கச்சி, வண்டி கெளம்பிருச்சு, டிக்கெட் எடு."

"அண்ணே, குழம்பு மேல ஏத்திறாதே," என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். பொய் சொல்லக் கூடாது.

ஆனால் அவர் பாரத்துக்கு ஈடாகப் பின்கோடியில் ஓர் ஆள் உட்கார வேண்டுமே. "மாப்ளே, இன்னும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நீங்கதான் நம்ம வீட்டு எடைக்கல்லு." சாப்பாடும் எனக்கு அங்கேயே வந்தது. அங்கிருந்து பார்த்தால் சிரிப்பில் குலுங்கும் அவள் முதுகு மட்டும் தெரியும். பகலெல்லாம் மூட்டை தூக்குகிறவன் நான். வீட்டிலும் ஒரு மூட்டைக்கு ஈடு நிற்பது கொஞ்சம் அதிகம்.

அன்று முன்பக்கக் கைப்பிடிக் கம்பியைக் கழற்றினேன். துருப்பிடித்திருந்தது. தண்ணீரில் எந்தக் கம்பிதான் துருப்பிடிக்காது? அவள் துணி துவைக்கக் கரைக்குப் போயிருந்தாள். மச்சான் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். நான் பின்கோடியிலிருந்து எழுந்து முன்பக்கம் நடந்தேன். அவ்வளவுதான். என் வீட்டில் நான் நடந்தேன்.

வீடு சாய்ந்தது. "மாப்ளே, வண்டி கெளம்பிருச்சு," என்று காலைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். விளிம்புவரை சிரித்துக்கொண்டே போனார். அத்தனை சந்தோஷமாகப் போகிறவரை நிறுத்த மனம் வரவில்லை.

அவருக்கு நீச்சல் தெரியாது. "கயிறு மாப்ளே, கயிறு," என்றார். கயிறு என் கையில்தான் இருந்தது. சுருட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் சிக்கு விழும். முழுதாகச் சுருட்டி, ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் அடங்கியிருந்தது. வீடும்தான்.

அவள் இப்போது சிரிப்பதில்லை, பேசுவதுமில்லை. கூடப்பிறந்தவர் இல்லையா, நாளாகும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், ஐயா. நான் முன்பக்கம் வந்தால் அவள் பின்பக்கம் போய்விடுகிறாள். நான் பின்னால் போனால் அவள் முன்னால். வீடு கல் மாதிரி நிற்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, எங்கள் வீட்டுச் சட்டம் அவளுக்கு இப்போதுதான் பிடிபட்டிருக்கிறது.