பெரிய எழுத்து

எனக்குப் பொடி எழுத்து ஒத்துவராது, ஐயா. கண்ணில் குறையில்லை. தலை நரைத்த பிறகு எழுத்துக் கற்றவன், அவ்வளவுதான். பெட்டி தூக்கியே தோள் தேய்ந்தவனுக்கு எழுத்தும் பெட்டி மாதிரிதான். ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினால்தான் ஒரு வாக்கியம் நிற்கும்.

மாப்பிள்ளை குளிர் அறைக்குள் எப்படிச் செத்தார் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் எழுத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு என் பக்கம் விளங்கும்.

எங்கள் கிடங்கில் வாயால் வேலை சொல்லும் வழக்கம் நின்றுபோய் நாளாகிவிட்டது. சுவரில் ஒரு பெரிய திரை இருக்கிறது. எந்தப் பெட்டி எந்த லாரிக்கு என்று அதில் வரிவரியாக ஓடும். குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினால், அதே திரை சிவந்து மணியடிக்கும். கதவின் உள்பக்கக் கைப்பிடி பனி பிடித்து இறுகிக் கிடந்தது. மாற்றுகிறோம், மாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உள்ளே இருப்பவனுக்கு அந்தப் பொத்தான்தான் கதவு.

மாப்பிள்ளை என் தங்கை புருஷன். எனக்குச் சூப்பர்வைசரும் அவர்தான். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதை ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. ஒரு வரியை நான் பாதி படிப்பதற்குள் அது நழுவிப் போய்விடும். அவர் பின்னால் வந்து நிற்பார்.

"என்ன மச்சான், படிச்சாச்சா? இல்ல, லாரியை நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் கோபம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கித் தரும்படி ஒரு மனு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் பெஞ்சுமேல் ஏறி நின்று, நான் படிக்கிற மாதிரியே எழுத்தெழுத்தாக இழுத்துப் படித்துக் காட்டினார். நன்றாகத்தான் செய்தார். என் குரல் அப்படியே இருந்தது.

பிறகு நானே பெரிதாக்கப் பார்த்தேன். எழுத்தின் அளவுக்கென்று திரையின் ஓரத்தில் ஒரு கட்டம் உண்டு. கீபோர்டில் ஒன்பதை அமுக்கினேன். விரலை எடுக்கச் சுணங்கிவிட்டேன். கட்டம் நிறைய ஒன்பதுகள் ஓடின. திரை ஒரு தடவை வெட்டியது, அப்புறம் கறுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வெளியூரிலிருந்து பொழுது சாயத்தான் வந்து சேர்ந்தார்.

"எவ்வளவு போட்டாலும் இது வாங்கிக்கும்ணே, வேண்டாம்னு சொல்லத் தெரியாது. ஒத்த எழுத்தை ஊர் அளவுக்கு வரையப் பாத்திருக்கு. மூச்சு முட்டிப் படுத்துடுச்சு," என்றார். "சரி பண்ணச் சொல்றேன். அதுவரைக்கும் நூறைத் தாண்டாதீங்க. இது படுத்தா உள்ள இருக்கிற பொத்தானும் சேந்து படுத்துடும். உள்ள ஆள் இருக்கறப்ப மட்டும் கையை வெச்சுடாதீங்க, என்ன? சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிடுங்க."

மரியாதையாகச் சொன்னார். மரியாதையாகச் சொன்ன எதையும் நான் மறந்ததில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவருக்குச் சிரிப்புத்தான் வரும்.

அவர் செத்த அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் அறிவித்தார். "அடுத்த வாரத்துலேர்ந்து போர்டைப் படிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் இங்க வேலை. மச்சான், நீங்க வீட்டுல உக்காந்து நிதானமா படிங்க. உங்க தங்கச்சி சோறு போடுவா."

மற்றவர்கள் கை கழுவப் பின்பக்கம் போனார்கள். அவர் சரக்குப் பார்க்கக் கிளம்பினார். யார் உள்ளே போனாலும் ஓர் ஆள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம். போனைக் குளிர் கொன்றுவிடும் என்று மேஜையில் வைத்துவிட்டு, வெறும் சட்டையோடு என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க மச்சான், கதவைப் பிடிங்க. இதுக்குப் படிப்பு வேணாம்."

பிடித்தேன். கனமான கதவு, ஐயா. காலையிலிருந்து தூக்கிய கை ஓய்ந்துபோயிருந்தது. விட்டேன். அது தானாகச் சாத்திக்கொண்டது. பிறகு போய் எழுத்தைப் பெரிதாக்கினேன். இந்தத் தடவை விரல் சுணங்கவில்லை. நான்தான் எடுக்கவில்லை.

திரை கறுத்ததும் வேலை நின்றது. ஆட்களுக்கு ஒரே சந்தோஷம். நிழலைத் தேடி வாசல் பக்கம் போய்விட்டார்கள். "சூப்பர்வைசர் எங்கண்ணே?" என்று ஒருவன் கேட்டான். ஆபீசுக்குப் போயிருப்பார் என்றேன். போயிருப்பார் என்றுதான் சொன்னேன், போனார் என்று சொல்லவில்லை. பொய் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்தேன். உள்ளேயிருந்து தட்டினால் வெளியே கேட்காது என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்கும். முதலில் படபடவென்று தட்டினார். போகப் போக, நான் படிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக.

மேஜையில் அவர் போன் அடித்தது. 'வீடு' என்று வந்தது. இரண்டே எழுத்து, பார்த்தவுடன் படித்துவிட்டேன். எடுக்கவில்லை. அடுத்தவர் போனை எடுப்பது நல்ல பழக்கமில்லை.

தட்டுவது நின்றபோது ஒரு செய்தியின் நடுவில் இருந்தேன். அதை முடித்தேன். யாரும் அவசரப்படுத்தாமல் நான் முழுதாகப் படித்த முதல் செய்தி அது. பிறகு அடுத்ததையும் படித்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன்.

தங்கை என் முகத்தில் விழிப்பதில்லை. அவளுக்கு இப்போது எதைச் சொன்னாலும் ஏறாது. நீங்கள் கதவை விட்டதை எழுதிக்கொண்டீர்கள், திரையைப் படுக்க வைத்ததை எழுதிக்கொண்டீர்கள், போனையும் விடவில்லை. எல்லாம் நான் செய்ததுதான், தெரிந்தே செய்ததுதான், ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் அத்தனை பேர் அரட்டையடித்துக்கொண்டு இருந்தார்களே, அவர்களில் ஒருத்தனாவது எட்டிப் பார்த்தானா? கடைசியில் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது நான் ஒருவன்தான். அதையும் எழுதுங்கள், ஐயா.