பாம்புக் காது

— முதுகைக் காட்டிட்டுப் பேசாதீங்க. முகத்தைப் பாத்துப் பேசுங்க, அதான் மரியாதை.

— கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம் கழிச்சு இப்பத்தான் மரியாதை ஞாபகம் வருதா தாயே? திங்கக்கிழமை பத்தரைக்குக் காது டாக்டரைப் பாக்கப் போறோம்னு சொன்னேன். பேர் பதிஞ்சாச்சு. ரைட்டா?

— பஸ்ல டிக்கெட் கிழிச்ச பழக்கத்துல நீங்க ரைட்டுன்னா நான் ஏறி உக்காந்துடணுமா? எனக்கு எந்த டாக்டரும் வேண்டாம். அந்தக் கம்பியை எடுங்க.

— எந்தக் கம்பி?

— பித்தளைக் கம்பி, காலடியிலதான் கிடக்கு. டிரம் இருந்த தொட்டிக்குள்ள அதைக் கொடுத்து சுத்தியலால தட்டுங்க. ஒரே இடத்துல தட்டாதீங்க, சுத்திச் சுத்தித் தட்டணும். பழைய பேரிங் அதுவா அந்தப் பக்கம் விழும்.

— பாத்ரூம் முழுக்க வாஷிங் மெஷினைப் பிரிச்சுப் பரப்பியாச்சு. நாளைக்கு எங்க குளிக்கிறதுன்னு தெரியல. அந்த மெக்கானிக் புது மெஷின் வாங்கிடுங்கன்னு சொன்னப்பவே கேட்டிருக்கலாம்.

— ஒரு பேரிங் போனதுக்கு மெஷினையே தூக்கிப் போடச் சொன்னவன் மெக்கானிக்கா? இருபத்தெட்டு வருஷம் பேரிங் ஃபேக்டரியில சோதனைப் பிரிவுல உக்காந்தவ நான். என் வீட்டுக்கே வந்து அதைச் சொல்லிட்டுப் போறான். தட்டுங்க.

— தட்டுறேன். ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.

— கோவம் வர்ற மாதிரின்னா கேக்காதீங்க.

— மூணு வாரமா இந்த மெஷின் கல்லை அரைக்கிற மாதிரி கத்துது. கீழ்வீட்டு வாத்தியார் படியேறி வந்து, மேல என்ன ரோடு போடறீங்களான்னு கேட்டுட்டுப் போனாரு. ஃபேக்டரியில உனக்குப் பேரே பாம்புக் காது. கண்ணாடி ரூம்ல உக்காந்து, பேரிங்கைக் காதுகிட்ட வச்சு ஒரு சுத்து விட்டு, இது தேறும், இது தேறாதுன்னு சொன்னவ. உன் வீட்டு பேரிங் போனதை கண்டக்டர் நான் வந்து உனக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சே. அதான் மனசைப் போட்டு அரிக்குது.

— துணி துவைக்கிறது யாரு? நீங்க. நான் என்னைக்கு இந்த மெஷின்ல கை வச்சேன்?

— ரைட். போன புதன்கிழமை உன் மடியில கிடந்த ஃபோன் அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. நீ டிவி பாத்துக்கிட்டு இருந்த.

— உங்க தங்கச்சி ஃபோன். எடுக்க மனசில்ல.

— பேரைக்கூடப் பாக்கலையே நீ.

— அந்த நேரத்துல வேற யாரு கூப்பிடுவா? சாப்பிட்டுப் படுக்கலாம்னா அவளுக்கு மூக்குல வேர்த்துடுமே.

— சிரிக்க வைக்காதே, கம்பி வழுக்குது. ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுறதுல என்ன குறைஞ்சு போயிடும்?

— பேர் குறைஞ்சு போயிடும். காது மந்தம்னு அவர் ஒரு சீட்டுல எழுதிட்டா, நாளைக்கே ஊருக்குத் தெரியும். அப்புறம் நான் தேறும்னு சொல்லி அனுப்புன பேரிங் எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. வேற எதை நான் சம்பாதிச்சேன்? அந்தப் பேர் ஒண்ணுதான்.

— உன்னை யாரு சந்தேகப்படப் போறா... விழுந்துடுச்சு தாயே. இந்தா. இந்தச் சுண்டைக்காய் வளையத்துக்கா இவ்வளவு ரகளை?

— இது மேலதான் மொத்த டிரம்மும் சுத்துது. பாருங்க, ஒரே துரு. ரப்பர் சீல் கிழிஞ்சு தண்ணி உள்ள இறங்கியிருக்கு. பேரிங் மேல தப்பில்ல, அது பாவம். புதுசைக் கொடுங்க.

— சின்னது ஒண்ணு, பெருசு ஒண்ணு. முதல் தரம்னு கடைக்காரர் அடிச்சுச் சொன்னாரு.

— சின்னது தேறும். பெருசு தேறாது. மாத்திட்டு வாங்க.

— உறையைப் பிரிச்சு ஒரு நிமிஷம் ஆகல. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது.

— உங்களுக்கு அப்படித்தான் கேக்கும். உள்ள ஒரு குண்டுல பள்ளம் இருக்கு. சுத்தும்போது விட்டு விட்டு முட்டுது.

— இதைப் போய்ச் சொன்னா கடைக்காரர் சிரிப்பாரு.

— சிரிக்கட்டும். பக்கவாட்டு மூடியைக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. பள்ளம் இல்லைன்னா உங்க டாக்டர்கிட்ட நானே நடந்து வரேன். இருந்தா அந்தப் பேச்சை அதோட விட்டுடணும். சம்மதமா?

— ரைட். சட்டையை மாட்டிட்டுக் கிளம்புறேன்.

— வந்துட்டீங்களா? என்ன இப்படி மூச்சு வாங்குறீங்க? கடைக்காரர் சிரிச்சாரா?

— இரு, உக்காந்துக்கிறேன். சிரிச்சாரு. கடையில நின்னவங்களையும் கூப்பிட்டு வச்சுச் சிரிச்சாரு. அப்புறம் மூடியைக் கழட்டி, துடைச்சு, லென்ஸை வச்சுப் பாத்தாரு. முகம் சுருங்கிப் போச்சு மனுஷனுக்கு. ஒரு குண்டுல ஊசி முனை அளவுக்குப் பள்ளம்.

— ம்.

— வெறும் ம்மா? யாரு கண்டுபிடிச்சதுன்னு கேட்டாரு. என் வீட்டுக்காரின்னு சொன்னேன். எதிர்ச்சாரியில போறவனுக்கும் கேக்குற மாதிரி சொன்னேன். முப்பது வருஷம் பஸ்ல கத்துன தொண்டை வேற எதுக்கு இருக்கு? அம்மாவே பாத்து எடுத்துக்கட்டும், மீதியைத் திருப்பிக் கொடுத்துடுங்கன்னு பெருசுல நாலு பேரிங் கொடுத்தனுப்பியிருக்காரு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோச்சு தாயே. வழியெல்லாம் தரையிலயே கால் பாவல.

— அதான் மூச்சு வாங்குதா? கொடுங்க. இது வேண்டாம். இது சுமார். இது தேறும். வைங்க. மேல மரக்கட்டையை வச்சு வெளி வளையத்துல மட்டும் தட்டுங்க. உள் வளையத்துல அடி விழுந்தா குண்டு கெட்டுடும்.

— ரைட். ரைட். ரைட்.

— போதும், உக்காந்துடுச்சு. இப்ப சின்னது. அப்புறம் சீல், டிரம், பெல்ட். அவசரப்படாம ஒவ்வொண்ணா மாட்டுங்க.

— மாட்டியாச்சு. பின்மூடியும் போட்டாச்சு. எல்லாம் சரி, ஆனா ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கே.

— அது பிரஷ், பேஸ்ட் வைக்கிற அலமாரியோடது. காலையில நீங்க முதல்ல கழட்டுனது அதைத்தான்.

— அப்படியா? ரைட். பிளக்கைச் சொருகிட்டேன். துணி போடாம வெறும் டிரம்மைச் சுத்த விடறேன். வேகம் எடுக்குது, பாரு. எப்படி?

— பேரிங் சுத்தம். ஆனா இடது பக்க முன்கால் தரையில சரியா உக்காரல.

— நாலு காலும் தரையிலதானே... அடேயப்பா, அடியில பேப்பர் நுழையுது. இதோ திருகிட்டேன். நின்ன இடத்துலருந்தே எப்படித்தான் சொல்றியோ. டாக்டராவது ஒண்ணாவது, நான் கேன்சல் பண்ணிடறேன். என் ஆசைக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணு.

— என்ன?

— மெஷின் மேலருந்து கையை எடு. சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னு, எப்படி ஓடுதுன்னு சொல்லு.

— இதென்ன சின்னப் பிள்ளை விளையாட்டு? திரும்பியாச்சு. நல்லா ஓடுது.

— தாயே.

— ஒரு குறையும் இல்ல.

— நிறுத்திட்டேன் தாயே. மெஷின் நின்னுடுச்சு.

— பஞ்சு மாதிரி ஓடுது. கீழ்வீட்டு வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டுங்க... ஏன் தோளைப் பிடிச்சுத் திருப்புறீங்க? கூப்பிட்டா வர மாட்டேனா?

— கூப்பிட்டேன். உன் பின்னாலயே நின்னு கூப்பிட்டேன். மெஷின் ஓடல, பாரு.

— ம்.

— அழாதே. பந்தயத்துல ஜெயிச்சது நீதான். கேன்சல்னா கேன்சல்தான், வார்த்தை மாற மாட்டேன்.

— அழல. கேன்சல் பண்ண வேண்டாம். வரேன்.

— நிஜமாவா?

— பேரிங் சத்தம் கேக்காம காலத்தை ஓட்டிடலாம். நீங்க கூப்பிடறது கேக்கலைன்னா எப்படி? திங்கக்கிழமை வரேன். ஆனா எத்தனை நாளாச்சுன்னு டாக்டர் கேப்பாரு. வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க.

— நீ ரிடையர் ஆகி ரெண்டு வருஷம். அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சிருக்குன்னு சொல்லலாமா?

— ஒன்பது வருஷம்னு சொல்லுங்க.

— ஒன்பதா?

— குண்டு உரசுற அந்த மெல்லிசு சத்தம்தான் முதல்ல போச்சு. மத்தது எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா.

— அப்ப ஃபேக்டரியில கடைசி ஏழு வருஷம்... பாம்புக் காது பாத்து அனுப்புன பேரிங் ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்லைன்னு உன் பிரிவு உபசார மேடையில முதலாளியே சொன்னாரே. நான் முன்வரிசையில உக்காந்து கேட்டேனே.

— அவர் பேசுனது ஒண்ணும் எனக்கு விழலைங்க. எல்லாரும் கை தட்டுறதைப் பாத்துத்தான் எழுந்து நின்னேன். அந்த ஏழு வருஷமும் பேரிங்கைக் காதுகிட்ட வச்சது பாக்கறவங்களுக்காக. தேறுனது அத்தனையும் இந்த ரெண்டு விரல்ல தேறுனது.