அறுபத்தெட்டு கிலோ

— அறுபத்தெட்டு கிலோன்னு உங்க ஊர் கிளினிக்ல எழுதியிருக்காங்க, வெர்னா. எதுல வச்சு எடை போட்டாங்க?

— வாயாலதான். அங்க இருக்குற நர்சு என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "போன தடவை மாதிரியே போட்டுடவா?"ன்னு கேப்பா. போடுன்னுடுவேன். கால் விழுந்து ஆறு வருஷம் ஆச்சு, ஆறு வருஷமா அதே நம்பர்.

— அவங்க மெஷின்ல வீல்சேர் ஏறாதும்மா, அதான். நான் கேக்குறது ஒண்ணுதான், நர்சு ரோவீனா. ரத்தம் எடுத்தீங்க, எக்ஸ்ரே எடுத்தீங்க, என் பொண்டாட்டி தலையை அந்தக் குழாய்க்குள்ள விட்டு ஒரு மணி நேரம் டமடமன்னு தட்டுனீங்க. இப்ப எடையா? ரெண்டு மணி நேரம் பனியில வண்டி ஓட்டிட்டு பிராண்டன் ஆஸ்பத்திரிக்கு வந்தது மாத்திரை வாங்க.

— நரம்பு நோய்க்கு இந்தப் புது மாத்திரையை எடை பார்த்துதான் குடுக்கணும், ஓரெஸ்ட். அளவு கூடினா ஆபத்து. இந்த மேடைமேல வீல்சேரோட ஏத்துங்க. சரிங்களா?

— ஏத்தியாச்சு. எவ்வளவு?

— அறுபத்தொன்பது.

— பாத்தியா வெர்னா! கண்ணால பார்த்தே சரியா எழுதியிருக்கா அந்தப் பொண்ணு.

— இது நாற்காலியையும் சேர்த்து. நாற்காலி மட்டும் இருபத்திமூணு. அடியில அச்சடிச்சிருக்கு, குனிஞ்சு பாருங்க.

— அப்ப இவ?

— நாப்பத்தாறு.

— உங்க மெஷின் கோளாறு.

— வெர்னாவை இறக்கிட்டு நீங்களே ஏறிப் பாருங்க.

— நூத்தி நாலு காட்டுது.

— உங்க எடை எவ்வளவு?

— அதேதான்.

— நீங்க தினமும் இவங்களைத் தூக்குறீங்க. இருபது கிலோ குறைஞ்சது கைக்குத் தெரியலையா?

— லேசாத்தான் இருந்தா. எனக்குத் தூக்கித் தூக்கிப் பழகிடுச்சுன்னு நெனச்சேன்.

— வீட்ல சமையல் யாரு?

— நான்தான். எதுக்குக் கேக்குறீங்க? காலைல கஞ்சி, மத்தியானம் சூப், சாயங்காலம் பெரோகிக் கொழுக்கட்டையும் சாசேஜும். மேல கொஞ்சம் க்ரீம் ஊத்தி. அவ கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவளேதான் சாப்பிடுவா.

— அவங்க சாப்பிடும்போது நீங்க பக்கத்துல இருப்பீங்களா?

— மாட்டுக்குத் தீனி வைக்கிறது யாரு, நீங்களா? நீங்க கேக்குற தோரணையே எனக்குப் பிடிக்கலம்மா.

— கொஞ்சம் வெளிய இருங்க, ஓரெஸ்ட். வெர்னாகிட்ட தனியாப் பேசணும். எல்லாருக்கும் உள்ள விதிதான்.

— இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேன். திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறீங்க.

— போ, ஓரெஸ்ட். போய் ஒரு காப்பி குடி.

— கதவைச் சாத்திட்டேன், வெர்னா. சொல்லுங்க. அவரு கோவக்காரரா?

— டிவியில ஹாக்கி ஓடும்போது.

— சிரிக்காதீங்க. ரத்தத்துல புரதம் ரொம்பக் கம்மி. அந்தக் கம்பளிச் சட்டைக்குள்ள வெறும் எலும்புதான் இருக்கு. இப்படி இருந்தா டாக்டர் மாத்திரையைத் தொடங்கவே மாட்டார். வீட்ல உங்களுக்குச் சாப்பாடு கிடைக்குதா?

— தட்டு நெறையக் கிடைக்குது.

— அப்புறம் அது எங்க போகுது?

— நாய்க்கு. அவன் கொட்டகைக்குப் போனதும்.

— இப்படிச் சொல்லணும்னு அவரு சொல்லிக் குடுத்தாரா?

— நீ அவனை விடுறதா இல்ல போல.

— நான் இதை மேல தெரிவிச்சாகணும். வீட்டுக்கு ஆள் வருவாங்க. அவரை விசாரிப்பாங்க.

— விசாரிச்சுட்டு?

— அங்க உங்களுக்குப் பாதுகாப்பு இல்லைன்னு பட்டா, வேற இடத்துல தங்க வைப்பாங்க. நல்லாப் பாத்துக்குவாங்க. சரிங்களா?

— அவனைக் கூப்பிடு.

— அவர் முன்னாடி நீங்க பேச வேண்டியதில்ல, வெர்னா.

— கூப்பிடுன்னு சொல்றேன்ல.

— என்னவாம்? நான் பட்டினி போடுறேன்னு எழுதியாச்சா?

— கத்தாதே, ஓரெஸ்ட். உக்காரு. நான்தான் சாப்பிடல. ஒரு வருஷமா.

— ஒரு வருஷமாவா? ஏன்? வயித்துல ஏதாவதா? வலியா? என்கிட்ட ஏன் சொல்லல?

— போன பனிக்காலத்துல என்னைக் குளிக்கத் தூக்கும்போது உனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டு, ரெண்டு பேரும் ஈரத்துல கிடந்தோமே. அதுக்கு மறுவாரம் உன் கோட்டுப் பையில ஒரு தாள் பார்த்தேன். பராமரிப்பு இல்லத்துக்கு விண்ணப்பம். என் பேரு, பொறந்த தேதி எல்லாம் உன் கையெழுத்துல.

— வெர்னா, அது... நான் அதை எங்கயும் குடுக்கல.

— தெரியும். கனம் குறைஞ்சா என்னை வீட்லயே வச்சுக்குவியோன்னுதான் பார்த்தேன்.