வால் அறுத்தாலும் வகுபடாத எண்

எனக்கு மீன் செமிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. மீன்பிடி ஊரான பேசாலையில் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது என்று ஊரே சிரிக்கும். நான் கணித வாத்தியார். பருப்பும் சோறும் எனக்குப் போதும்.

எங்கள் தகப்பன், அப்பு அந்தோனிமுத்து, எட்டுப் பிள்ளைகளையும் ஒரு கரைவலைப் பாட்டையும் விட்டுப் போனார். பாடு என்றால் குறித்த கரையில் முறை வரும்போது வலை வளைத்து இழுக்கும் உரிமை. பிள்ளைகள் பெருகப் பெருக அது நாள்கணக்கில் பங்குபடும். பேரப்பிள்ளைகள் காலத்தில் ஆளுக்கு அரை நாள் மிஞ்சினால் பெரிய விஷயம். "பாட்டைப் பிரிக்காதேங்கோடா" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். எப்படிப் பிரிக்காமல் இருப்பது என்று சொல்லவில்லை. அதை எனக்குக் கணிதம் சொன்னது.

73939133 என்ற எண்ணைப் பாருங்கள். இது முதன்மை எண்; ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது. வாலிலிருந்து ஓர் இலக்கத்தை வெட்டுங்கள். 7393913. அதுவும் வகுபடாது. இப்படியே வெட்டிக்கொண்டு வாருங்கள். 739, 73, 7 என்று கடைசிவரை அசைந்து கொடுக்காது. இந்தக் குணமுள்ள எண்களில் இதைவிடப் பெரியது கிடையாது. ஒன்பதாவதாக எந்த இலக்கத்தை ஒட்டினாலும் காரியம் கெட்டுவிடும். எட்டோடு நிறுத்திக்கொண்ட அப்புவை நினைத்து எனக்குப் புல்லரித்தது.

பிள்ளைக்கு ஓர் இலக்கம். மூத்தவன் நான், ஆகவே முதல் இலக்கமான ஏழு. வேலையை வாலிலிருந்து தொடங்கினேன். கடைக்குட்டிக்குத் தேவ அழைத்தல் இருக்கிறது என்று சுவாமியாரிடம் சொன்னது நான்தான். குருமடத்துக்குப் போனான். அடுத்தவள் செலீனா. அவளுக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் என் மொட்டைக் கடிதங்கள் கலைத்தன. கன்னியர் மடம் அவளை அன்போடு ஏற்றுக்கொண்டது. அடுத்த மூவரும் உரிமையை எனக்கு எழுதித் தந்துவிட்டுச் சவூதிக்கு விமானம் ஏறினார்கள். மூன்றாமவன் கொன்ஸ்ரன்ரைனின் வள்ளத்தில் ஒரு பலகை உக்கி உளுத்திருந்தது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அவன் கடலோடு போனான்.

மிஞ்சியது எனக்கு அடுத்தவன் பஸ்ரியன்.

"ரெண்டாப் பிரிப்பம் அண்ணை," என்றான். "ஒரு கிழமை உங்களுக்கு, ஒரு கிழமை எனக்கு."

எழுபத்துமூன்றை இரண்டால் வகுத்தால் ஒன்று மீதி வரும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"அந்த மீதி ஒண்டையும் நீங்களே வச்சிருங்கோ," என்று சிரித்தான்.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. முதன்மை எண்ணின் மீதியைப் பூனைக்கு மீன்தலை எறிவதுபோல எறிகிறான். கடல்பறவை முட்டை என்றால் அவனுக்கு உயிர். தென்மேல் காற்றான சோளகம் தொடங்கிய வாரம், முட்டை பொறுக்கலாம் வா என்று தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் தீடைக்குக் கூட்டிப்போனேன். அவன் இறங்கிக் குனிந்ததும் படகைத் திருப்பினேன். காற்று எழும்பிக்கொண்டிருந்தது. பெருங்காற்றில் அந்தத் தீடை நீருக்குள் போய்விடும். அவன் இரண்டு கையையும் அசைத்தான். நானும் அசைத்தேன்.

நான் எவர் பங்கையும் குறைத்துக் கொடுத்ததில்லை, ஐயா. பாடு இன்றைக்கு முழுசாக இருக்கிறது. அப்பு கேட்டதும் அதைத்தானே. ஊரார்தான் எங்கள் வலைக்கயிற்றைத் தொடமாட்டோம் என்கிறார்கள். கரைவலை இழுக்க முப்பது பேராவது வேண்டும். திங்கட்கிழமை எங்கள் முறை. உங்கள் பொலிசுக்காரரில் கொஞ்சப் பேரை அனுப்பிவைப்பீர்களா? படுகிற மீன் முழுவதையும் அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எனக்குத்தான் செமிக்காதே.