நீனா என்றால் டாக்டர்

– இதுதானா? இதைப் பார்க்கவா விமானம் ஏறி வந்தேன்? நம்ம ஊரு குத்தாயிசில பக்ராத்தி கோயில் வாசப்படிகூட இதைவிட உசரம். எழுதி வச்சுக்கோ, நானுலி.

– சத்தமாச் சொல்லாதேண்ணா. உள்ளே புனித நிக்கோலா படுத்திருக்கார்.

– அவரும் நம்ம பக்கத்து ஆளுதான். எலும்பைத் திருடிக்கிட்டு வந்து இங்கே கோயில் கட்டியிருக்கானுங்க. அது கிடக்கட்டும், இந்தச் சக்கர நாற்காலிக் கிழவி எதுக்கு நம்மகூட? வியாழக்கிழமை மத்தியானம் உனக்கு லீவுன்னுதானே எழுதியிருந்தே?

– இன்னைக்கு இவங்க மருமக வரலை. அதாவது… இவங்க என் நோயாளிண்ணா. முக்கியமான கேஸ். என்னை விட்டுப் பிரியமாட்டாங்க.

– நீனா, உங்கண்ணன் என்னடி சொல்றாரு, என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டி?

– ஒண்ணுமில்லம்மா. கோயில் அழகா இருக்காம்.

– மூஞ்சியைப் பார்த்தா அப்படித் தெரியலையே. சரி, என்னை நிழலுக்குத் தள்ளு. காலையில கட்டின துணியை மாத்தாமலே கிளப்பிக்கிட்டு வந்துட்டே, ஞாபகம் இருக்கட்டும்.

– அம்மா, கொஞ்சம் மெல்லப் பேசுங்க.

– ஏன், இவருக்கு நம்ம இத்தாலி பாஷை தெரியுமா?

– ஒரு எழுத்துத் தெரியாது. இருந்தாலும்… சிஞோரா பாஸ்குவா, உங்களைக் கெஞ்சிக் கேக்கிறேன். ஊர்ல எல்லாரும் நான் இங்கே டாக்டர்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு ஒருநாள் என் மானத்தைக் காப்பாத்திக் குடுத்துடுங்க. அக்டோபர்ல என் மக ஏகாவுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுல ‘டாக்டர் மகள்’னு பத்திரிகையே அடிச்சாச்சு.

– டாக்டரா? அடிப்பாவி. என்னைக் குளிப்பாட்டிக் கஞ்சி ஊத்துறதுக்குப் பேரு டாக்டரா? ஏண்டி அப்படிச் சொன்னே?

– நான் எங்கேம்மா சொன்னேன்? ‘நோயாளியைப் பார்த்துக்கறேன்’னுதான் எழுதினேன். எங்கண்ணன் விருந்துல கோப்பையைத் தூக்கிப் பிடிச்சு வாழ்த்துச் சொல்ற மனுஷன். முதல் கோப்பையில என்னை நர்ஸ் ஆக்கினார். மூணாவதுல டாக்டர். எலும்புத் துண்டெல்லாம் பொறுக்கிப் போடறதுக்குள்ள தலைமை டாக்டர் ஆயிட்டேன்.

– இன்னொரு பாட்டில் இருந்திருந்தா மந்திரி ஆகியிருப்பே.

– சிரிக்காதீங்கம்மா.

– கிழவி எதுக்குச் சிரிக்கிறா?

– வலி குறைஞ்சிருக்காம்ண்ணா. என் மருந்து வேலை செய்யுதாம்.

– செய்யாம? யாரோட தங்கச்சி. அது என்ன, உன்னை ‘நீனா, நீனா’ங்கிறா? அப்பா உனக்கு வச்ச பேரு நானுலி. லோர்த்கிபானித்ஸேங்கிற நம்ம வீட்டுப் பேரை எவனாவது தப்பாச் சொன்னா, அவன் வீட்டுல அப்பா பச்சைத் தண்ணி குடிக்கமாட்டார். நான் மட்டும் என்ன? எல்குஜாங்கிற என் பேரை ‘எல்கு’ன்னு சுருக்கினதுக்காக ஒரு கதாநாயகனையே மேடையை விட்டு இறக்கியிருக்கேன்.

– அது… இங்கே நீனான்னா டாக்டர்னு அர்த்தம்ண்ணா.

– ஓ. மரியாதைச் சொல்லா?

– ரொம்ப மரியாதை.

– அப்போ சரி.

– நீனா, நீ டாக்டரோ மந்திரியோ, மூணாவது மாடி நோட்டரிக்கு ஒரு ஆள் பார்க்கச் சொன்னேனே, பார்த்தியா? அவரைப் பார்த்துக்கிட்டு இருந்த மால்தோவாக்காரன் ஞாயித்துக்கிழமை ஓடிட்டான். நூத்திப்பத்து கிலோ மனுஷன், பொம்பளையால தூக்க முடியுமா? அவர் பொண்ணு தினம் என் வாசல்ல வந்து நின்னு அழுவுறா. உங்க ஊர்ல தடியா ஒருத்தன்கூடவா இல்லை?

– விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்மா.

– கிழவி என்னவாம்?

– இவங்க வீட்டு மாடியில ஒரு நோட்டரி இருக்கார். அடுத்த வாரம் நான் அவருக்கு ஆபரேஷன் பண்ணணுமாம்.

– எதுல?

– இடுப்புல.

– பெரிய ஆளா?

– நூத்திப்பத்து கிலோ.

– ம்.

– வாண்ணா, கடல் பக்கம் போவோம். வெயில் தாழ்ந்திருக்கு. அந்தப் பெட்டியை இப்படிக் குடு, நாற்காலிக்குப் பின்னால மாட்டிக்கலாம். அம்மாடி, என்ன கனம்? மே மாசத்துல கம்பளிக் கோட்டா எடுத்துட்டு வந்திருக்கே?

– நாகரிகமான மனுஷன் எதுக்கும் தயாரா வருவான்.

– நாலு நாளைக்கா?

– நாலு நாள்னு யாரு சொன்னா? ஐரோப்பாவுக்கு முதல் தடவையா வந்திருக்கேன், வந்திறங்கின அன்னைக்கே நாள் எண்ணுறியே.

– ஐரோப்பா ஆரம்பிச்சதே நம்ம மண்ணுலதான்னு நேத்து போன்ல சொன்னே.

– ஆமா. அப்போ முதல் தடவைன்னு வேண்டாம். திரும்பி வந்திருக்கேன்னு வச்சுக்கோ. அது என்ன, அந்த ஆளு எதையோ கல்லுல போட்டு அடிக்கிறான், வண்ணான் மாதிரி?

– ஆக்டோபஸ். அடிச்சாத்தான் மிருதுவாகும். அப்படியே பச்சையாத் தின்பாங்க.

– நம்ம ஊர்ல விருந்தாளிக்கு இதை வச்சா ரெண்டு தலைமுறைக்குப் பகை.

– நீனா, மூணு பீர் சொல்லிட்டேன். உங்கண்ணனும் கையில எடுக்கட்டும். எனக்கு ஒரு வாழ்த்துச் சொல்லச் சொல்லு. பெரிய வாழ்த்துக்காரர்ங்கிறியே.

– உனக்காக பீர் வாங்கியிருக்காங்கண்ணா. வாழ்த்தணுமாம்.

– பீரையா? பீரைத் தூக்கி யாராவது நல்லவங்களை வாழ்த்துவாங்களா? அது எதிரிக்குச் சொல்ற வாழ்த்து, நீயே மறந்துட்டியா? சரி, குடு. இது, நாப்பது வருஷம் நான் கட்டி ஆண்ட கலை மன்றத்துக்குப் பூட்டுப் போட்டு, என் மேடை மேல தண்ணித் தொட்டி வச்சு மீன் விக்கிறானே, அந்தப் புண்ணியவானுக்கு. பல்லாண்டு வாழ்க.

– என்னண்ணா சொல்றே? கலை மன்றத்தை மூடிட்டாங்களா?

– யாரு சொன்னா? பழுது பார்க்கிறாங்க. வாழ்த்துன்னா கொஞ்சம் கூட்டிச் சொல்றதுதானே.

– இவ்வளவு நீளமாச் சொன்னாரே, நீனா. எனக்கு என்ன வாழ்த்து?

– நீங்க நூறு வயசு வாழணுமாம், அம்மா.

– எண்பத்தெட்டுக்கே உன் உயிரை வாங்குறேன். நூறா? அவருக்கு உன் மேல என்ன கோவம்?

– சரி, போதும் கடல். உன் ஆஸ்பத்திரியைக் காட்டு, நானுலி. அதைப் பார்க்காமப் போனா ஊர்ல என்னத்தைச் சொல்றது?

– இன்னைக்குப் பூட்டியிருக்கும்.

– ஆஸ்பத்திரியைப் பூட்டுவாங்களா?

– வியாழக்கிழமைதானே. அதோ, அங்கே தெரியுது பாரு, தூண் வச்ச மஞ்சக் கட்டடம். அதுதான்.

– அடேயப்பா. வாசல்ல என்னவோ பெருசா எழுதியிருக்கே?

– ‘நோயாளிகள் வரிசையில் வரவும்’னு.

– நீனா, எதுக்குடி சுங்க அலுவலகத்தைக் கை காட்டுறே? இவரு பெட்டியில சாராயமா இருக்கு?

– அம்மா, தயவு பண்ணி.

– கிழவி மறுபடியும் சிரிக்கிறா.

– என் ஆஸ்பத்திரியைப் பார்த்தாலே இவங்களுக்குச் சந்தோஷம் வந்துடும்ண்ணா.

– நீனா.

– என்னம்மா?

– வந்துடும் போல இருக்கு.

– ஐயோ, இப்பவா? கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா. அஞ்சு நிமிஷத்துல வீட்டுக்குப் போயிடலாம்.

– பொறுக்கிறதெல்லாம் என் கையை விட்டுப் போயி நாலு வருஷமாச்சு. தள்ளு.

– என்ன ஓட்டம் ஓடுறே, நானுலி? என்ன ஆச்சு?

– ரத்த அழுத்தம்ண்ணா. ஏறிடுச்சு. நீ அந்த மரத்தடியில உக்காரு. நான் ஊசி போட்டுட்டு வந்துடறேன். வராதே, வேண்டாம், படிக்கட்டு வேற… ஐயோ, சக்கரம் கல்லு இடுக்குல மாட்டிக்கிச்சே.

– நகரு.

– நான் பார்த்துக்கறேன்.

– நகருன்னேன். நாற்காலியை நீ எடுத்துக்கோ. கிழவியை நான் தூக்கிக்கறேன்.

– அம்மாடி. பஞ்சு மூட்டை மாதிரி தூக்குறாரே. நீ தூக்கினா என் விலா எலும்பை நானே எண்ணிக்கலாம்.

– முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை, குத்துக்கால் போட்டு எந்திரிக்கிறே. யாருண்ணா உனக்கு இப்படித் தூக்கச் சொல்லிக் குடுத்தா?

– மேடையில எத்தனை நாயகியைத் தூக்கியிருக்கேன்.

– நாயகியை இப்படியா தூக்குவாங்க?

– எந்த மாடி?

– முதல் மாடி. வாசலோட இறக்கிடுண்ணா. உள்ளே வராதே. உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன்.

– ஏன், உள்ளே என்ன இருக்கு?

– ஒண்ணும் இல்லை. கலைஞ்சு கிடக்கு.

– எதுக்குடி வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிறே, நீனா? உன் மடக்குக் கட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்துல கிடக்கறதைப் பார்த்துடுவாருன்னா? போர்வையைப் போட்டு மூடிக்கலாம். கதவைத் திற.

– சாவி… சாவி எங்கே வச்சேன்…

– சிஞோரா.

– யாரு கூப்பிட்டது?

– நான்தான், அம்மா. மூணாவது மாடி நோட்டரிக்கு ஆள் வேணும்னீங்களே. யாராவது வந்துட்டாங்களா?

– நீனா. உங்கண்ணன் நம்ம பாஷை பேசுறாரு.

– அண்ணா?

– பதினோரு மாசமா சாயங்கால வகுப்பு, தங்கச்சி. பதினெட்டுப் பொம்பளைங்க நடுவுல நான் ஒருத்தன். இத்தாலி பாஷையும் சொல்லிக் குடுத்தாங்க, ஆளைத் தூக்கவும் சொல்லிக் குடுத்தாங்க. நீனான்னா டாக்டர்னு மட்டும் சொல்லிக் குடுக்கலை.

– அப்போ மத்தியானத்துலேர்ந்து நான் பேசினது எல்லாம்…

– நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். நீ சொன்னா நானும் சொல்லியிருப்பேன். நீ சுங்க அலுவலகத்தைக் காட்டி ஆஸ்பத்திரின்னே. அதுக்கப்புறம் எனக்கும் வாய் வரலை.

– கலை மன்றம்?

– மீன் கடைதான். எங்க நாடகத்துக்கு வந்ததைவிட நல்ல கூட்டம்.

– ஊருக்குத் திரும்பற டிக்கெட்?

– பெட்டியைத் தூக்கிப் பார்த்தியே. கம்பளிக் கோட்டு எதுக்குன்னு இன்னுமா தெரியலை உனக்கு?

– அண்ணனும் தங்கச்சியும் அப்புறமா அழுங்க. எனக்கு நனைஞ்சாச்சு. ஏம்ப்பா, நோட்டரி ராத்திரியில நாலு தடவை கூப்பிடுவார்.

– எந்திரிப்பேன்.

– வாயில வசவு வேற. உங்கம்மா வரைக்கும் இழுப்பார்.

– நாப்பது வருஷம் நடிகர்களை மேய்ச்சவன், அம்மா.

– வியாழக்கிழமை மத்தியானம் லீவு, ஞாயித்துக்கிழமை லீவு.

– லீவு வேண்டாம்.

– நான் சொன்னா அவர் பொண்ணு கேப்பா. இப்பவே மேல போன் போட்டுச் சொல்லிடறேன், முதல்ல என்னைப் படுக்க வை. இவர் பேரு என்னடி, நீனா? எல்… எல்கூ… என்ன பேரு இது, நாக்கு சுளுக்கிக்குது.

– எது வாயில நுழையுதோ, அதையே வச்சுக்கங்க, அம்மா.